முழு வெல்டிங் முடிந்ததும் பைப் சேசிஸின் ஒரு மூலை தூக்கி நிற்கிறது, எங்கே வெட்டுவது?

முதுநகர் பக்கி:
வணக்கம். இருப்பது கடலூர் முதுநகர். மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினைப் பின்பக்கம் வைத்து இரண்டு பேர் உட்காரும் பக்கி (பைப் சட்டத்தில் கட்டும் சின்னத் திறந்த வண்டி) ஒன்று கட்டுகிறோம். கேப்பர் மலைப் பக்கம் சித்தப்பாவின் முந்திரித் தோப்பில் ஓட்டத்தான், ரோட்டுக்கு வராது. கீழ்ச்சட்டம் 38 மி.மீ. ஈஆர்டபிள்யூ (நீளத் தையல் உள்ள) பைப், கனம் 2 மி.மீ. சிஓடூ கேஸ் மறைப்பில் பற்றவைக்கும் மெஷின், 0.8 மி.மீ. வயர்.

டேக் (பிடிப்புக்கு அடிக்கும் சின்னப் பொட்டு வெல்டு) மட்டும் அடித்திருந்தபோது சட்டம் தரையில் அசையாமல் உட்கார்ந்தது. முழு வெல்டிங் முடிந்ததும் முன் இடது மூலை 11 மி.மீ. தூக்கிக்கொண்டது. அதை அழுத்தினால் பின் வலது மூலை எழும்புகிறது. ஆனால் மூலைவிட்டம் இரண்டையும் டேப் வைத்து அளந்தால் 2 மி.மீ. வித்தியாசம்கூட இல்லை. இடது பக்க ஜாயிண்டுகளை எல்லாம் முடித்துவிட்டுத்தான் வலது பக்கம் போனோம், அதனாலா?

இன்னொன்று. மதியத்துக்கு மேல் போட்ட வெல்டில் எல்லாம் ஊசி குத்தியது போலத் துளைகள். காலையில் போட்டது சுத்தமாக இருக்கிறது. மெஷின் கோளாறா?

மெயின் ஹூப்புக்கு (கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவுக்கு) 40 மி.மீ. சி கிளாஸ் ஜிஐ பைப் வளைத்து வைத்திருக்கிறேன். வளைவின் உள்பக்கம் கொஞ்சம் தட்டையாகியிருக்கிறது. இன்னும் ஏற்றவில்லை. பரவாயில்லையா?

பாகூர்க்காரன்:
தம்பி, 11 மி.மீ. ஒரு விஷயமே இல்லை. ஸ்பிரிங் அட்ஜஸ்ட்மெண்டில் சரிக்கட்டிவிடலாம். மனசு கேட்கவில்லை என்றால் கேஸ் டார்ச்சில் சூடு காட்டி, ஜாக்கி வைத்து அமுக்குங்கள், இறங்கிவிடும். ஹூப் பைப் தாராளம். சி கிளாஸ் என்றால் 4 மி.மீ. கனம், யானை ஏறினாலும் தாங்கும்.

நெய்வேலி வெல்டர்:
பாகூர் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான்கு சக்கரத்துக்கும் எடையை ஸ்பிரிங்கில் சமன் செய்யலாம், அது உண்மை. ஆனால் முறுக்கிய சட்டத்தின் மேல் விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் கை) பிராக்கெட் ஏற்றினால் இடது பக்கம் ஒரு உயரம், வலது பக்கம் ஒரு உயரம் வரும். கேம்பர், காஸ்டர் என்ற சக்கரச் சாய்வுக் கோணங்கள் பக்கத்துக்குப் பக்கம் மாறிப்போகும். பிராக்கெட் ஏற்றுவதற்கு முன்பே திருத்துவது சுலபம். 2 மி.மீ. பைப்பைச் சூடாக்கி ஜாக்கியில் அமுக்கினால் மூலை இறங்குவதற்கு முன் பைப் நசுங்கும்.

மூலைவிட்டம் ஒத்துப்போவதில் குழப்பமே இல்லை. அந்த அளவு சட்டம் சாய்சதுரமாகக் கோணியிருக்கிறதா என்பதைத்தான் சொல்லும். துணியைப் பிழிவது போன்ற முறுக்கலை டேப் கிட்டத்தட்டக் காட்டாது.

வெட்டுவதற்கு முன் தரையைச் சந்தேகப்படுங்கள். பட்டறைத் தரை மட்டமாக இருப்பது அபூர்வம். தண்ணீர் ட்யூப் வைத்து நான்கு மூலைக்கும் அடியில் உள்ள தரையை அளந்து, தாழ்ந்த இடத்தில் தகடு வைத்து நான்கையும் ஒரே மட்டமாக்குங்கள். அதன் பிறகும் மூலை தூக்கினால் குறை சட்டத்தில். தூக்கல் போய்விட்டால் குறை தரையில். தகடு வைத்த பிறகு மிஞ்சும் அளவு சட்டத்தின் பங்கு, முன்பு இருந்ததிலிருந்து குறைந்த அளவு தரையின் பங்கு.

அப்புறம் பின்பக்கத்தை இரண்டு ஸ்டாண்டிலும், முன்பக்கத்தை நடுவில் ஒரே ஸ்டாண்டிலும் ஏற்றுங்கள். பின் குறுக்குச் சட்டத்தை ரசமட்டத்தில் சரியாக்கிவிட்டு, அங்கிருந்து முன்னோக்கி ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் மட்டம் வைத்துப் பாருங்கள். எந்த இரண்டு சட்டங்களுக்கு நடுவில் குமிழி நகர்கிறதோ, அந்த அறையில்தான் முறுக்கு இருக்கிறது. மற்ற இடத்தைத் தொடவே வேண்டாம்.

பேட்டை பட்டறை, புதுச்சேரி:
துளை விஷயத்துக்கு வருகிறேன். மெஷினைக் குறை சொல்லாதீர்கள், அது கடல்காற்று வேலை. எங்கள் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலேயே ஷட்டரைத் திறந்து வைத்தால் கேஸைக் காற்று அடித்துக்கொண்டு போகும், முதுநகரில் கேட்கவே வேண்டாம். கேஸ் மறைப்பு போனால் உருகிய இரும்புக்குள் வெளிக்காற்று புகுந்து துளை விழும். காற்று வரும் பக்கம் தார்பாய் கட்டுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் போதும். அதிகமாகத் திறந்துவிட்டால் கேஸே சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பைப் மேல் இருக்கும் எண்ணெயையும் துருவையும் பளபளக்கும் வரை துடைத்துவிட்டுப் போடுங்கள். துளை விழுந்த வெல்டின் மேலேயே இன்னொரு ஓட்டு ஓட்டுவது வீண். துளை அடியிலிருந்து மேலே வரும். கிரைண்டரில் முழுவதும் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

மோட்டார் கிளப் மாணவி:
ஹூப்பை ஏற்றாதீர்கள் அண்ணா. வளைவில் தட்டையான பைப் கவிழும்போது அந்த இடத்தில்தான் முதலில் மடியும். பிளம்பிங் பைப்புக்கான ஹைட்ராலிக் பெண்டரில் வளைத்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். ஜிஐ தண்ணீர்க் குழாய், பற்றவைக்கும்போது துத்தநாகப் புகை வரும். அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் போல நடுக்கும், வெல்டிலும் துளை விழும்.

கனம் அதிகம் என்பதால் நல்லது ஆகிவிடாது. 40 மி.மீ. சி கிளாஸின் வெளிவிட்டம் 48.3, கனம் 4, மீட்டருக்கு 4.4 கிலோ வரும். ராலி கார்களுக்கான எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) விதிகளின் இணைப்பு ஜே, பிரிவு 253-இல் மெயின் ஹூப்புக்குக் கேட்பது 45×2.5 அல்லது 50×2 மி.மீ., குளிர்நிலையில் இழுத்த தையல் இல்லாத கார்பன் ஸ்டீல். 45×2.5 மீட்டருக்கு 2.6 கிலோதான். தலைக்கு மேலே அவ்வளவு வீண் எடை ஏற்றினால் வண்டியே சீக்கிரம் கவிழும்.

பாஹா (மாணவர்கள் கட்டும் பக்கிகளுக்கான) போட்டி விதிகளில் முக்கியப் பைப்புகளுக்கு 25 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. கனம், கார்பன் 0.18 சதவீதம் என்பது அடிப்படை. அதே அளவு வளைவு விறைப்பும் வலிமையும் கணக்கில் வந்தால் வேறு அளவும் போடலாம். நாங்கள் போட்ட கணக்கு இது: 25.4×3 பைப் மீட்டருக்கு 1.66 கிலோ, 38.1×1.6 பைப் 1.44 கிலோ. எடை குறைவு, ஆனால் வளைவு விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேல். விட்டம் கூடினால் விறைப்பு மளமளவென்று ஏறும்.

சென்னை பாரிமுனைப் பக்கம் சிடிஎஸ் (குளிர்நிலையில் இழுத்த தையல் இல்லாத) பைப் என்று கேட்டு, சான்றிதழோடு வாங்குங்கள். வளைவின் ஆரம் பைப் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். ஹெல்மெட் போட்ட தலைக்கும் கேஜுக்கும் (சுற்றியுள்ள பாதுகாப்புக் கூண்டுக்கும்) நடுவில் பாஹாவில் கேட்பது 152 மி.மீ. குழி விழுந்த தோப்புக்கு அது அவசியம்.

பாகூர்க்காரன்:
சரிம்மா, ஜிஐ விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தோப்புக்கு எஃப்ஐஏ வேண்டுமா என்று மட்டும் தெரியவில்லை.

மோட்டார் கிளப் மாணவி:
கவிழ்ந்தால் முந்திரி மரமும் பந்தயத் தடமும் ஒன்றுதான் அண்ணா. மற்றபடி, அது ரோட்டுக்கு வராது என்று எழுதியிருப்பது சரி. வீட்டில் கட்டிய வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி மாதிரி வண்டிச் சோதனை இல்லாமல் ஆர்டிஓவில் பதிவே கிடைக்காது.

முதுநகர் பக்கி:
தகடு வைத்துத் தரையை மட்டமாக்கிப் பார்த்தேன். அதே முன் இடது மூலைதான், ஆனால் 11 என்பது 9 ஆனது. அப்படியானால் சட்டம் 9, தரை 2. குமிழி நகர்வது சீட் பின்பக்கச் சட்டத்துக்கும் பெடல் சட்டத்துக்கும் நடுவில். அந்த அறையில் இடது பக்கச் சுவரில் ஒரு கோணல் (மூலைக்கு மூலை சாய்ந்து போகும்) பைப், தரையில் ஒரு கோணல் பைப். எதை வெட்டுவது?

நெய்வேலி வெல்டர்:
முழுதாகப் பற்றவைத்த இடதுபக்கக் கோணல் பைப்பில்தான் எனக்குச் சந்தேகம். வெல்டு ஆறும்போது சுருங்கி அதை இழுத்துப் பிடித்திருக்கும். ஒரு முனையை மட்டும் ஹாக்ஸா பிளேடால் மெதுவாக அறுங்கள். கிரைண்டர் வேண்டாம். பைப் அழுத்தத்தில் இருந்தால் வெட்டு மூடிக்கொண்டு டிஸ்க்கைக் கடித்துவிடும், அது முகத்துக்கு வரும். வெட்டு விரிந்தால் இழுவையில் இருந்தது என்று அர்த்தம்.

அறுத்த பிறகு சட்டத்தை இரண்டு ஐ பீம் மேல் வைத்து, பீம்களை முதலில் மட்டம் பார்த்து, நான்கு மூலையையும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வாய் விரிந்த முனைக்கு மீன்வாய் வெட்டு (உருண்டைப் பைப்பில் ஒட்டி உட்கார முனையில் எடுக்கும் வளைவு) புதிதாக எடுத்து வேறு பைப் பொருத்துங்கள், இடைவெளி 1 மி.மீ.-க்கு மேல் வேண்டாம். சுற்றிலும் நான்கு டேக் அடியுங்கள். பிறகு ஒவ்வொரு ஜாயிண்டையும் கால்பாகம் கால்பாகமாக, இடது ஒன்று வலது ஒன்று, நடுவிலிருந்து வெளியே என்று போங்கள். கை வைத்துத் தாங்கும் சூட்டுக்கு ஆறும் வரை கிளாம்பைக் கழற்றாதீர்கள்.

முதுநகர் பக்கி:
அறுத்தவுடன் வாய் 2 மி.மீ. விரிந்தது அண்ணா. மூலை உடனே இறங்கிவிட்டது. புதுப் பைப் போட்டு ஆறவிட்ட பிறகு சட்டத்தின் பங்கு 2 மி.மீ.-க்குள் வந்துவிட்டது, தார்பாய் கட்டியதில் வெல்டும் சுத்தம். சிடிஎஸ் பைப்புக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கடைசியாக ஒன்று: ஹூப்பின் பின்பக்கத் தாங்கு பைப்புகளைச் சட்டத்தில் எங்கே இறக்குவது? எஞ்சின் இடிக்காமல் இருக்க நீள பைப்பின் நடுவில் இறக்கினால் வசதி.

பேட்டை பட்டறை, புதுச்சேரி:
நீள பைப்பின் நடுவில் கூடவே கூடாது. கவிழும்போது அந்தத் தாங்கு பைப்பே கீழ் பைப்பைக் குத்தி வளைத்துவிடும். எஞ்சின் மவுண்ட் குறுக்குச் சட்டம் நீள பைப்பைச் சந்திக்கும் முடிச்சில் இறக்குங்கள். செங்குத்திலிருந்து 30 டிகிரிக்குக் குறையாத சாய்வு வேண்டும், அதற்கு எஞ்சினைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டி வந்தால் தள்ளிவிடுங்கள். ஹூப்பை ஏற்றுவதற்கு முன் எஞ்சினைச் சும்மா உள்ளே உட்காரவைத்து, சங்கிலி பிளாக்கில் மேலே தூக்கி வெளியே எடுக்கவும் முடிகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.