யூனிட்டரி அதாரிட்டிக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

வோக்கிங்கிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் எங்கள் சர்ரே கவுன்டியில் மேலே ஒரு கவுன்டி கவுன்சில், கீழே 11 மாவட்டக் கவுன்சில்கள்; வோக்கிங் அவற்றில் ஒன்று. 2027 ஏப்ரலில் இந்த 12-ம் கலைந்து, கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே என்று இரண்டே வருகின்றன. இரண்டும் யூனிட்டரி அதாரிட்டி, அதாவது இரண்டு அடுக்கின் வேலையையும் தானே செய்யும் கவுன்சில். இங்குள்ள தமிழ் முதியோருக்கு இதை விளக்கி ஒரு பக்கம் எழுதித் தரக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

இப்போதைய நிலைமை அவர்களுக்கே குழப்பம்தான். வாசலில் குப்பையை எடுப்பது வோக்கிங் கவுன்சில், கொண்டுபோய் ஒழிப்பது கவுன்டி. வீட்டுவசதியும் கட்டட அனுமதியும் வோக்கிங். வீதி, நூலகம், முதியோர் பராமரிப்பு கவுன்டி. இனி எல்லாம் ஓரிடம் என்று சொல்ல வேண்டும். 'ஒற்றையாட்சி மன்றம்' என்று எழுதிப் பார்த்தேன். உறுத்துகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தங்கச்சி, உறுத்தாமல் என்ன செய்யும்? இலங்கையின் 1972 அரசியலமைப்பில் எழுதி, 1978-இலும் விடாமல் வைத்த சொல்லல்லவா அது. புதிய அரசியலமைப்புக்கான 2017 இடைக்கால அறிக்கையில் சிங்களத்தில் 'ஏகிய ராஜ்ய', தமிழில் 'ஒருமித்த நாடு' என்று போட்டதற்கு இரண்டு பக்கமும் எவ்வளவு சண்டை! உங்கள் தாளை வாசிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்த அரசியலில் வளர்ந்தவர்கள். ஒற்றையாட்சி வருகிறது, குப்பைத் தொட்டி மாறுகிறது என்று எழுதினால் தாள் அந்தத் தொட்டிக்குள்ளேயே போய்விடும். 'ஒருங்கிணைந்த உள்ளூராட்சி மன்றம்' என்று போடுங்கள்.

கோவையிலிருந்து:

ஐயா சொல்வது அரசியலுக்குச் சரி, பொருளுக்குச் சரியில்லை. எல்லா யூனிட்டரியும் இணைந்து வந்தவை அல்ல. ரட்லண்ட் என்ற சிறு கவுன்டி 1974-இல் லெஸ்டர்ஷயர் கவுன்டியோடு சேர்க்கப்பட்டது. 1997-இல் பிரிந்து வந்து யூனிட்டரி ஆயிற்று. மக்கள்தொகை சுமார் 40,000, எங்கள் பக்கத்தில் ஒரு நகராட்சி அளவு. பிரிந்து வந்ததைப் போய் 'ஒருங்கிணைந்த' என்பீர்களா? கம்பிரியாவில் ஆறு மாவட்டங்களும் கவுன்டியும் கலைந்து 2023-இல் இரண்டாயின, அங்கே இணைப்பு உண்டு. ஆக இணைப்பு என்பது வழி. இரண்டு அடுக்கு ஒன்றாவதுதான் இலக்கணம். ஊராட்சித் துறையில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்றடுக்கு ஊராட்சி என்று தமிழ்நாட்டில் எவரும் சொல்வார்கள். அந்த வழியில் 'ஓரடுக்கு மன்றம்'.

'ஒன்றிய' என்று தொடங்கும் எதையும் தயவுசெய்து தொடாதீர்கள். ஊராட்சி ஒன்றியம் ஒரு பக்கம், ஒன்றிய அரசு இன்னொரு பக்கம். மின்னஞ்சல் பெட்டி தாங்காது.

தஞ்சாவூரிலிருந்து:

ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சொல் இருக்கிறது, நாம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம். உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள்: காலியூர்க் கோட்டத்துத் தன்கூற்று உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். மற்ற ஊர்கள் 'நாடு' என்ற பிரிவுக்குள் அடங்கும், அது 'கோட்டம்' என்ற பெரிய பிரிவுக்குள் அடங்கும். இந்த ஊர் மட்டும் இடையில் யாருக்கும் அடங்காமல் தானே ஒரு கூறு. ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் அந்தச் சபைக்குள்ளேயே. யூனிட்டரி என்பது வேறென்ன? 'தன்கூற்று மன்றம்'. கூறு என்ற வேர் 'கூற்றம்' என்ற பழைய ஆட்சிப் பிரிவின் பெயரிலும் உண்டு, மீன் சந்தையில் கூறு கட்டுவதிலும் உண்டு. பகுதி என்ற பொருளும் வரும், தன்னிறைவு என்பதைத் 'தன்' சொல்லிவிடும்.

'ஓரடுக்கு' பற்றி ஒரு சொல். அடுக்கு என்றாலே மேலே இன்னொன்று வேண்டும். ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு முறை அடுக்கும் என்றுதான் நன்னூல். ஒருமுறை அடுக்கியதை யார் கண்டார்?

சிங்கப்பூரிலிருந்து:

ஐயா, 'கூற்று' என்றால் என் தலைமுறைக்கு 'அமைச்சர் கூற்று'. திருக்குறள் படித்தவர்களுக்கு எமன். எண்பது வயதுப் பாட்டிக்குத் தன்கூற்றிடமிருந்து வரிக் கடிதம் வருவதா? இங்கே நகர மன்றம் என்று இரண்டே எளிய சொல்லில் முடித்துக்கொண்டோம்.

அதோடு 'மாவட்டம்' என்பதையும் கவனியுங்கள் அக்கா. நம் ஊரில் மாவட்டம்தான் பெரியது. இங்கிலாந்தில் கவுன்டிக்குள் மாவட்டம், கிட்டத்தட்ட நம் வட்டம்.

கோவையிலிருந்து:

நன்னூல் சொல்வது அடுக்குத்தொடருக்கு, கவுன்சிலுக்கு அல்ல. முழுப்பொறுப்பு மன்றம் என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார். அரசு அலுவலகத்தில் முழுக் கூடுதல் பொறுப்பு பார்த்தவர்களைக் கேளுங்கள், அந்தச் சொல்லைக் கேட்டாலே முதுகு வலிக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஓரடுக்கு என்றால் அடியில் இருக்கும் பாரிஷ் கவுன்சில்களை, ஊர் மட்டத்துச் சிறு மன்றங்களை, என்ன செய்வது? வட யார்க்ஷயரில் 2023-இல் மாவட்டங்கள் எல்லாம் போயின, பாரிஷ்கள் அப்படியே இருக்கின்றன. அடுக்கு ஒன்று என்று எண்ணினால் கணக்குப் பிழை. தன்கூற்றுக்கும் என் வாக்கில்லை. அதாரிட்டி என்றால் எங்களுக்கு அதிகார சபை, தமிழ்நாட்டில் ஆணையம். அதையும் முடிவுசெய்யாமல் எல்லோரும் 'மன்றம்' என்று நழுவுகிறீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

எமன் என்று பயந்தால் கூற்றத்தில் பிறந்த கல்வெட்டு முழுவதையும் புதைக்க வேண்டியதுதான். 'தனியூர்' என்ற சொல்லும் சோழர் கல்வெட்டில் உண்டு, வேண்டுமானால் தனியூர் மன்றம் என்று வையுங்கள். புரியவில்லை என்பது சொல்லின் குற்றமல்ல, பழக்கக் குறைவு. பேருந்தும் ஒரு காலத்தில் புதுச் சொல்தான்.

வோக்கிங்கிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் முதியோர் கூடத்தில் வந்த சொற்களையெல்லாம் வாசித்துக் காட்டினேன். தன்கூற்று என்றதும் ஒரு ஐயா தேவாரம் தொடங்கிவிட்டார். ஓரடுக்குக்கு ஒரு அம்மா, "அடுக்கு கிடக்கட்டும் பிள்ளை, குப்பை எடுக்காட்டி இனி ஆருக்கு ஃபோன் அடிக்கிறது?" என்றார். அடுத்த கேள்வி, வோக்கிங்கின் கடனை யார் கட்டுவது என்று. 2023-இல் வோக்கிங் கவுன்சில் பணமில்லை என்று கையை விரித்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கடனில் 50 கோடி பவுண்டை அரசாங்கம் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறது என்றேன்; மீதி என்ன ஆகும் என்றுதான் பேச்சு ஓடியது.

ஆகவே தாளில் 'ஓரடுக்கு கவுன்சில்' என்று ஒருமுறை போட்டு, 'முன்பு இரண்டு கவுன்சில்கள் செய்ததையெல்லாம் இனி இது ஒன்றே செய்யும்' என்று பக்கத்தில் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு வருமிடமெல்லாம் 'புதிய கவுன்சில்'. கவுன்சிலைத் தமிழாக்கவில்லை என்று திட்டப் போகிறவர்கள் திட்டலாம், தாள் அச்சகத்துக்குப் போய்விட்டது.

தஞ்சாவூரிலிருந்து:

'ஓரடுக்குக் கவுன்சில்'. வலி மிகும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.

சிங்கப்பூரிலிருந்து:

அக்கா, 2026 மே தேர்தலுக்கும் 2027 ஏப்ரலுக்கும் நடுவில் புதிய கவுன்சிலுக்கு ஷாடோ அதாரிட்டி என்று பெயராமே, அதைத் தாளில் என்னவென்று போட்டீர்கள்? 'நிழல்' என்றால் நிழல் அமைச்சரவை மாதிரி எதிர்க்கட்சி என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா?

தஞ்சாவூரிலிருந்து:

இதற்கும் கல்வெட்டில் சொல் இருக்கிறது. இளவரசுப் பட்டம். இரவு விரிவாக எழுதுகிறேன்.