எண்டோடாக்சினுக்கு ‘அகநச்சு’ சரியா? மாற்றுச்சொல் ஒன்று

> அகநச்சு, உள்நச்சு இரண்டும் புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா. அந்தச் சொற்கள் காட்டும் இடம் தவறு என்பதால்தான். வெப்பத்தால் கொன்ற காலரா பாக்டீரியாவும் கினிப்பன்றிகளைக் கொல்வதை ரிச்சர்ட் ஃபைஃபர் கண்டார். நஞ்சு செல்லுக்குள் அடைந்து கிடப்பதாகக் கருதி 1892-இல் ‘எண்டோ’ (உள்ளே) என்ற முன்னொட்டைச் சேர்த்தார். உண்மையில் அது சால்மோனெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் புறச்சவ்வில், அதுவும் வெளிப்பக்க அடுக்கில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு, அதாவது கொழுப்பும் சர்க்கரைத் தொடரும் இணைந்த மூலக்கூறு. சவ்வில் ஊன்றி நிற்பது லிப்பிட் ஏ, அதன்மேல் நடுச் சர்க்கரைத் தொடர், வெளிநுனியில் ஓ-ஆன்டிஜென் என்னும் சர்க்கரைத் தொடர். நச்சுத்தன்மை லிப்பிட் ஏ-யில் இருக்கிறது. நம் செல்களின் டிஎல்ஆர்-4 ஏற்பி அதை உணர்ந்ததும் காய்ச்சல் எழுகிறது. அளவு மிகுந்தால் இரத்த அழுத்தம் சரிகிறது.

டைஃபாய்டு நச்சு வேறு. சால்மோனெல்லா டைஃபி, மனிதச் செல்லுக்குள் புகுந்தபின் உருவாக்கி வெளியே அனுப்பும் புரதம் அது. வகைப்பாட்டில் புறநச்சு. ‘அகம்’ என்று படித்த மாணவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளத்தான் செய்வார்.

என் பரிந்துரை: மேனிநச்சு, அதாவது பாக்டீரியாவின் மேனியிலேயே இருக்கும் நச்சு.

> செல்லுறை என்கிறோமே, ‘உறைநச்சு’ போதாதா?

‘உறைதல்’ குறுக்கே வருகிறது. இந்த நச்சைக் கண்டறியும் எல்ஏஎல் சோதனை, குதிரைலாட நண்டின் இரத்தச் செல்சாறு உறைவதை வைத்தே நடக்கிறது. உறைநச்சு என்றால் உறையச் செய்யும் நச்சு என்று எவரும் படிப்பார். ‘சவ்வுநச்சு’ம் வேண்டாம், குடல்நச்சு குடலைத் தாக்குவதுபோல் இது சவ்வைத் தாக்கும் என்றாகிவிடும்.

> அதே கணக்கில் மேனிநச்சு தோலைத் தாக்குவதாகாதா?

நியாயமான கேள்வி. ஆனால் அதற்குத் ‘தோல்நச்சு’ இருக்கிறது. மருத்துவத்தில் தோல் நிலைத்துவிட்டது. ‘மேனி’ இன்னும் கலைச்சொல்லாகவில்லை.

ஆய்வகத்திலும் இது உதவும். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) 121 பாகை செல்சியஸில் பாக்டீரியா சாகும். அதன் மேனி நச்சாகவே எஞ்சும். கண்ணாடிக் கலன்களை 250 பாகை உலர்வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தால்தான் நச்சு நீங்கும். சிரைவழி மருந்துகளுக்கு உச்சவரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 5 எண்டோடாக்சின் அலகு மட்டுமே. கிருமிநீக்கம் செய்தாயிற்று என்று இதில் அசட்டையாக இருக்கக் கூடாது.

—

இன்னொருவரின் மறுமொழி: மேனிநச்சுக்கு என் ஆதரவு. கூடவே இரண்டு சொற்கள்: ஓ-ஆன்டிஜென் முழுமையாக உள்ள வகைக்கு வழுமேனி, அதை இழந்த திரிபுக்குச் சொரமேனி. பாக்டீரியாவிலிருந்து நச்சைப் பிரித்தெடுக்கும் முறையே இந்த வேறுபாட்டால் மாறுகிறது. வழுமேனி வகையைச் சுமார் 68 பாகையில் ஃபீனால்–நீர்க் கலவையில் கலக்கி, குளிரவைத்து, மையவிலக்கில் சுழற்றினால் நச்சு நீரடுக்கில் சேரும். ஆர்என்ஏவும் அதே அடுக்கில் வந்துவிடும். ஆர்என்ஏஸ் நொதியிட்டு, மீவேக மையவிலக்கில் பிரிக்க வேண்டும். சொரமேனிக்கு நீர்விரும்பும் சர்க்கரைத் தொடர் குறைவு, இம்முறையில் விளைச்சல் மிகவும் குறைந்துவிடும். அதற்கு ஃபீனால்–குளோரோஃபார்ம்–பெட்ரோலியம் ஈதர் கலவையே ஏற்றது.