சட்டத்தால் பிறக்கும் பசுமைப் புதுமைக்கு ஒரு சொல்: ‘விதிதூண்டு புத்தாக்கம்’

அன்பர்களுக்கு வணக்கம்.

சூழல் சட்டங்களுக்கு முகங்கொடுக்கும் தொழிற்சாலைகள் தூய்மையான உற்பத்தி முறைகளைத் தேடிக் கண்டடைவதற்கு ‘கட்டாயப் புத்தாக்கம்’ என்ற பெயர் நமது கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதனை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கழிவுக்கு ஓர் எல்லை விதிக்கப்பட்டால், ஆலை தண்டப்பணம் கட்டலாம். கழிவு வெளியேறும் இடத்தில் வடிகட்டி பொருத்தலாம். சட்டம் தளர்ந்த இடத்துக்குப் போய்விடலாம். அல்லது உற்பத்தி முறையையே மாற்றலாம். இவற்றுள் கடைசி மட்டுமே புத்தாக்கம். அதனை எந்தச் சட்டமும் கட்டளையிட்டுப் பெற்றுவிட முடியாது.

1991 இல் வணிக மேலாண்மை அறிஞர் மைக்கேல் போர்ட்டர் முன்வைத்து, 1995 இல் கிளாஸ் வான் டெர் லிண்டேயுடன் சேர்ந்து விரித்தெழுதிய கருதுகோளின்படி, மாசு என்பது வீணாய்ப் போன மூலப்பொருள்; நன்கு வகுக்கப்பட்ட விதி அந்த வீணை ஆலையின் கண்ணுக்குக் காட்டும்; அதனால் பிறக்கும் புதுமை, விதிக்கு இணங்கும் செலவை ஓரளவோ முழுமையாகவோ ஈடுசெய்யக் கூடும். பின்வந்த ஆய்வாளர்கள் இதனைப் பிரித்துப் பார்த்தார்கள். விதி புதுமையைத் தூண்டும் என்பது ஒரு கூற்று. அப்புதுமை இலாபமும் தரும் என்பது அதைவிடத் துணிந்த வேறொரு கூற்று. நமது சொல் முதலாவதோடு நிற்க வேண்டும்.

இலங்கையின் வடக்கே பரந்தனில் ஆனையிறவு உப்பைக்கொண்டு எரிசோடா (caustic soda) செய்த ஆலையை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். அந்தத் தொழிலில்தான் எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்றும் இருக்கிறது. ஆலைக் கழிவின் பாதரசம் மக்களை நஞ்சூட்டிய மினமாட்டாவின் துயரத்துக்குப் பின், 1973 இல் ஜப்பானிய அரசு, உப்புநீரில் மின்சாரம் செலுத்திச் சோடா செய்யப் பாதரசத்தைப் பயன்படுத்தும் இரசக்கல முறையைக் கைவிடுமாறு ஆலைகளைப் பணித்தது. தவணை மிகக் குறுகியது. அப்போது கைவசம் இருந்த மாற்று கல்நார் (asbestos) திரை கொண்ட கலம். அது தந்த சோடா தரத்திற் குறைந்தது, அதனைச் செறிவாக்க எரிபொருளும் கூடுதலாகச் செலவானது. ஆயினும் பல ஆலைகள் வேறு வழியின்றி அதற்கு மாறின. 1975 இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் கல்நாருக்குப் பதில் மெல்லிய சவ்வைக் கொண்ட மென்சவ்வுக் கலத்தை வணிக அளவில் இயக்கிக் காட்டிய பிறகே இரசமும் கல்நாரும் இல்லாத, மின்சாரமும் குறைவாக வேண்டிய வழி திறந்தது. அது முதிரும்வரை அரசு தவணையைத் தளர்த்தியது. 1986 அளவில் அந்நாட்டில் இரசக்கலங்கள் ஒழிந்தன. ஐரோப்பாவிலோ வெளியேறும் இரசத்தின் அளவுக்கு மட்டுமே நெடுங்காலம் எல்லை இருந்தது. அங்கே பல ஆலைகள் கழிவைச் சுத்திகரித்தபடி பழைய கலங்களையே 2017 வரை ஓட்டின.

ஒரே விதியே முதலில் தரங்குறைந்த மாற்றத்தையும் பிறகு உண்மையான புதுமையையும் தந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ‘கட்டாயம்’ என்ற சொல் முன்னதற்குப் பொருந்தும். பின்னதற்குத் ‘தூண்டுதல்’தான் பொருந்தும். ஆகவே ‘விதிதூண்டு புத்தாக்கம்’ என்று முன்மொழிகிறேன். தூண்டு புத்தாக்கம் வினைத்தொகை ஆதலால், தூண்டிய, தூண்டுகின்ற, தூண்டும் என மூன்று காலமும் அதில் அடங்கும். வல்லினம் மிகாது என்பதால் சேர்த்தெழுதுவோர் இடையில் ‘ப்’ இட வேண்டாம்.

‘விதி’ என்றதும் தலைவிதி நினைவுக்கு வரும் என்ற மறுப்பை நான் எதிர்பார்க்கிறேன். அது நியாயமானது. ஆனால் ‘நெறிதூண்டு’ என்றால் ஆலை தானே விரும்பி ஏற்கும் ஒழுக்கமும் அதற்குள் வந்துவிடும். சட்டத்தின் பிடி தெரியாது. ‘ஒழுங்குவிதி’ நமது அரசகரும வழக்கில் ஊறிய சொல். கட்டுரையில் முதன்முறை ‘ஒழுங்குவிதி தூண்டு புத்தாக்கம்’ என்று முழுமையாக எழுதி, பின்னர் சுருக்கிக்கொண்டால் மயக்கம் நீங்கும்.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்கு எங்கள் யாழ்ப்பாண மண்ணும் காரணம். சுண்ணக்கல்லின் மேல் கிணற்றுநீரை நம்பி வாழ்கிறோம். சுன்னாகத்தில் நிலத்தடி நீர் எண்ணெயால் மாசுற்ற வழக்கில் 2019 இல் இலங்கையின் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு விதித்தது. அந்தத் தொகை எண்ணெய் படிந்த கிணற்றைப் பழைய கிணறாக்காது. ஆலைகள் பெறவேண்டிய சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் பெரும்பாலும் வெளியேறும் நீரின் தரத்தையே அளவுகோலாகக் கொள்வதால், ஆலையின் கவனம் வடிகட்டியோடு நின்றுவிட இடமுண்டு.

அந்த வடிகட்டி வகைத் தீர்வுக்கும் நமக்கு ஒரு சொல் வேண்டும். அதற்கு வந்த ‘கடைமடைத் துப்புரவு’ என்ற முன்மொழிவு அழகானது. ஆனால் யாழ்ப்பாணத்தில் மடை என்றால் கோயிலில் படைக்கும் மடையே முதலில் நினைவுக்கு வரும். ‘வெளிவாய்ச் சுத்திகரிப்பு’ என்றால் உங்கள் ஊர்களில் விளங்குமா?