வாராவரவு: எடுக்காமல் நின்ற தொடரை ஓடியதாக எழுதுவதற்கு ஒரு சொல்

புதுவயலிலிருந்து:

நம் சொல்லாக்கக் குழுவில் உள்ள பெரியவர்களுக்கு வணக்கம்.

கல்லூரி இதழுக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். 1966 முதல் 1969 வரை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 79 பகுதிகள் ஓடி நின்ற ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடருக்கு அடுத்த கட்டமாக, 'ஸ்டார் ட்ரெக்: ஃபேஸ் டூ' என்ற தொடரை 1977-ல் பாரமவுண்ட் நிறுவனம் அறிவித்தது. கடைசிவரை அதை எடுக்கவில்லை. அது ஓடி முடிந்ததாகவே வைத்துக்கொண்டு, முதல் பருவம் எப்படி இருந்தது, யார் நன்றாக நடித்தார்கள், எந்தப் பகுதி தொய்ந்தது என்று திரும்பிப் பார்த்து எழுதுகிறேன். ஆங்கிலத்தில் இப்படி எழுதும் வழக்கம் இருக்கிறது. தமிழில் இந்த வகை எழுத்துக்கு என்ன பெயர்? தலைப்புக்குக் கீழே ஒரே சொல்லாகப் போட வேண்டும். 'எடுக்கப்படாத தொடரை எடுக்கப்பட்டதாகக் கருதி எழுதும் பின்னோக்குக் கட்டுரை' என்று போட்டிருக்கிறேன். படிக்கிறவர்கள் அதைத் தாண்டிக் கட்டுரைக்குள் வர மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

கோட்டையூரிலிருந்து:

தம்பி,

'கற்பிதத் தொடர்' என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கற்பிதம் என்றால் யாரோ ஒருவர் தன் மனத்திலிருந்து புனைந்தது. நீங்கள் சொல்லும் தொடருக்கு ஒரு நிறுவனம் பணம் போட்டிருக்கிறது, ஆள் எடுத்திருக்கிறது. 'பிறவாத் தொடர்' என்றால் துக்கச் சாயல் வந்துவிடுகிறது.

நம் ஊர்க் காதுக்குப் பழகிய சொல்லிலிருந்து தொடங்கலாமே. வாராக்கடன். கொடுத்தது உண்மை, ஏட்டில் எழுதியது உண்மை, திரும்பி மட்டும் வரவில்லை. அதே வார்ப்பில் 'வாராத் தொடர்' என்று சொல்லலாம். 'வாராத' என்பதன் ஈறு கெட்டு, அடுத்து வல்லினம் மிகுந்திருக்கிறது. இலக்கணத்தில் பழுதில்லை. வாராப் படம், வாரா நாடகம் என்று நீட்டிக்கொண்டும் போகலாம். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

பள்ளத்தூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

கோட்டையூர் அண்ணன் வாராக்கடனிலிருந்து தொடங்கியது எனக்கு நிறைவாக இருக்கிறது. புதுச்சொல் வேண்டுமென்றால் உடனே அகராதிக்கு ஓடுகிறோம். அதற்கு முன்னால் வீட்டு மரப்பெட்டியில் கிடக்கும் கணக்கு ஏடுகளைப் புரட்ட வேண்டும். நம் செட்டிநாட்டிலிருந்து போய்ப் பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்தவர்கள் பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை என்று ஒரு தொழிலையே தமிழில் நடத்தினார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வேலைகளுக்கும் தமிழில்தான் பெயர். பேரேடு இன்றைக்கும் பள்ளிக்கூடக் கணக்குப்பதிவியல் பாடத்தில் இருக்கிறது. புழக்கத்தில் தேய்ந்து வந்த சொற்கள் இவை. இவற்றின் மேல் கட்டினால் புதுச்சொல்லும் நிற்கும்.

ஆனால் 'வாராத் தொடர்' வேண்டாம் என்பேன். ஒரே ஒரு துணைக்கால்தான் சிக்கல். வாரத் தொடர், வாராத் தொடர். வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்கள் நாம். அச்சில் ஒரு கால் விழுந்துபோனால், வராத தொடர் வாரம் தவறாமல் வந்த தொடராகிவிடும். வாய்விட்டுப் படித்தாலும் காது முதலில் பிடிப்பது வாரத்தைத்தான். தம்பி எழுதும் தொடரும் வாரம் ஒரு முறை வருவதாக இருந்த தொடர்தான் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

இன்னொன்று. தம்பி கேட்டது தொடருக்குப் பெயர் இல்லை, அதைப் பற்றிய எழுத்துக்குப் பெயர். தொடருக்குத் தனியாகச் சொல் தேட வேண்டியதே இல்லை. 'பூஜையோடு நின்ற படம்' என்று சினிமாக்காரர்கள் சொல்கிறார்கள். எடுத்து முடித்தும் வெளிவராததைப் 'பெட்டிக்குள் முடங்கிய படம்' என்கிறார்கள். இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்துதான் சொல்கிறார்கள். ஃபேஸ் டூ முதல் வகை. 'எடுக்காத தொடர்' என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும்.

எழுத்துக்குத்தான் பெயர் இல்லை. அந்த எழுத்து என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

1977 ஜூனில் பாரமவுண்ட் புதிதாக ஒரு தொலைக்காட்சி வலையமைப்பையே தொடங்கப்போவதாகச் சொன்னது. அதன் முதன்மைத் தொடராக முன்னிறுத்தத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். தொடக்கப் பகுதி இரண்டு மணி நேரம், பிறகு வாரம் ஒரு மணி நேரம். கதைகளுக்கு எழுத்தாளர்களை அமர்த்தினார்கள். கதை நடக்கும் விண்கப்பலின் உட்புறத்தைச் செட்டாக எழுப்பினார்கள். பழைய தொடரில் ஸ்பாக் என்ற வல்கன் இனத்து வேற்றுக் கிரகவாசியாக நடித்த லெனார்ட் நிமாய் புதுத் தொடருக்கு வரவில்லை என்பதால், ஸ்பாக்கின் இடத்துக்கு ஸான் என்ற இளம் வல்கன் பாத்திரத்தை உண்டாக்கி, டேவிட் கோட்ரோ என்ற நடிகரைத் தேர்ந்தெடுத்தார்கள். டெக்கர் என்று ஓர் இளம் அதிகாரி. இலியா என்ற வேற்றுக் கிரகப் பெண்ணாக நடிக்கத் தேர்வானவர் பெர்சிஸ் கம்பாட்டா. பம்பாயில் பிறந்தவர், 1965-ல் மிஸ் இந்தியா ஆனவர்.

விளம்பரங்கள் போதாமல் வலையமைப்புத் திட்டம் நின்றது. அதே 1977 மே மாதம் ஸ்டார் வார்ஸ் வெளியாகி அரங்குகளை நிறைத்திருந்தது. விண்வெளிக் கதைக்குப் பெரிய திரையில் இவ்வளவு பணம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, தொடர் படமாக மாறியது. 1978 மார்ச்சில் அதை அறிவித்தார்கள். ராபர்ட் வைஸ் இயக்கத்தில் 1979 டிசம்பரில் படம் வந்தது. தொடரின் தொடக்கப் பகுதிக்கு எழுதிய கதைதான் படத்தின் கதை. கம்பாட்டா தலையை மழித்துக்கொண்டு அதே இலியாவாக நடித்தார். படத்துக்கு நிமாய் வந்துவிட்டதால் ஸானுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கோட்ரோவுக்குக் கிடைத்தது வேறொரு சிறு வேடம்.

மற்ற கதைகளும் முழுக்க வீணாகவில்லை. 'தி சைல்ட்' என்ற கதையை 1988-ல் எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் கதைக்குத் தட்டுப்பாடு வந்தபோது 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அடுத்த தலைமுறைத் தொடரின் இரண்டாம் பருவத் தொடக்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். 'டெவில்ஸ் டியூ' என்ற கதை அதே தொடரில் 1991-ல் வந்தது. டெக்கருக்கும் இலியாவுக்கும் இருந்த பழைய காதல், அந்தத் தொடரில் ரைக்கர், ட்ராய் என்ற பாத்திரங்களுக்குப் போயிற்று. பாரமவுண்ட் பங்குகொண்ட யுபிஎன் என்ற வலையமைப்பு 1995 ஜனவரியில் தொடங்கியபோது, தொடக்கத்தில் முன்னிறுத்தியது இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரைத்தான்.

இனி, ஃபேஸ் டூ 1978-ல் ஓடியது என்று ஒருவர் எழுதத் தொடங்கினால் என்ன ஆகும்? அந்த ஒரு வரியை எழுதியதும் 1979-ன் படத்தை அவர் எடுத்துவிட வேண்டும். கதை ஏற்கெனவே தொலைக்காட்சியில் செலவாகிவிட்டதே. அந்தப் படம் இல்லையென்றால் 1982-ல் வந்த இரண்டாம் படம் எங்கிருந்து வரும்? 'தி சைல்ட்' 1978-லேயே ஓடியிருந்தால் 1988-ல் அந்த இடம் காலி. ஸான் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாகியிருந்தால், ஸ்பாக் திரும்பி வருவதற்கான கதையே வேறாகியிருக்கும். ஓர் இந்திய நடிகை வாரந்தோறும் அமெரிக்க வரவேற்பறைகளில் தெரிந்திருப்பார். கம்பாட்டாவுக்குப் பின் எத்தனை பேருக்கு அந்தக் கதவு திறந்திருக்கும் என்பது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தம்பி தன் கட்டுரையில் அதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும்.

ஒரு பக்கம் வரவு எழுதினால் எதிர்ப்பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். இந்த எழுத்தின் ஒழுங்கு அதுதான். வெறுமனே 'ஓடியிருந்தால் அருமையாக இருந்திருக்கும்' என்று ஏங்கினால் அது இந்த வகையில் சேராது. கணக்கு நேராக வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: வாராவரவு. வாராத ஒன்றை வரவு வைத்து எழுதுதல். வரவு என்பதற்கு வருகை என்றும் பொருள், வருமானம் என்றும் பொருள். இரண்டும் இங்கே பொருந்துகின்றன. வாரத்தோடு குழம்பாது. வாயில் உருண்டு வருகிறது.

'இல்பொருள்' என்று யாராவது சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை. அணியிலக்கணத்தில் இல்பொருள் உவமை என்றால் உலகத்தில் இல்லாததை உவமையாக்குவது. வன்பாலையில் வற்றல் மரம் தளிர்த்ததைப் போல என்று குறளில் வருவதைத்தான் எடுத்துக்காட்டாகப் படித்தோம். ஃபேஸ் டூ உலகத்தில் இருந்த பொருள்தான். தாளில் இருந்தது, செட்டில் இருந்தது. யாரும் திட்டமிடாத ஒரு தொடரை முழுக்கப் புனைந்து அதற்கு விமர்சனமும் எழுதினால், அதற்கு 'இல்பொருள் விமர்சனம்' என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் கலக்க வேண்டாம்.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சிக்கு வணக்கம்.

நான் தணிக்கையில் வேலை பார்த்தவன். வாராததை வரவு வைத்தால் எங்கள் தொழிலில் அதற்குப் பொய்க்கணக்கு என்று பெயர். நாளைக்கு ஒரு பிள்ளை தம்பியின் கட்டுரையைத் தேடிப் படித்துவிட்டு, இப்படி ஒரு தொடர் உண்மையிலேயே ஓடியதென்று எழுதிவைக்கும். அதை இன்னொருவர் எடுத்தாளுவார். தவறான செய்தி பரவுவது இப்படித்தான். நாம் செய்யும் சொல் அதற்குத் துணைபோகக் கூடாது.

'மாற்று வரலாறு' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அது போதாதா? நம் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏவிஎம் ஸ்டுடியோ காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது. 1947-ல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்தது. பிறகு சென்னைக்குப் போய்விட்டார்கள். போகாமலே இருந்திருந்தால் தமிழ் சினிமா எப்படி வளர்ந்திருக்கும் என்று ஒருவர் எழுதினால், அது மாற்று வரலாறு. தம்பி எழுதுவதும் அதுதானே?

பள்ளத்தூரிலிருந்து:

அண்ணனுக்கு வணக்கம். இந்தக் கேள்வி வர வேண்டும் என்றே நினைத்தேன்.

பொய்க்கணக்கு எழுதுகிறவன் 'வரவு' என்று மட்டும் எழுதுவான். 'வாரா' என்ற முன்னொட்டை அவன் எழுதவே மாட்டான். நம் சொல்லில் அது முதலில் நிற்கிறது. தலைப்புக்கு அடியில் 'வாராவரவு' என்று போட்டாலே, இது வரவில்லை என்று படிக்கிறவருக்குச் சொல்லியாயிற்று. 'மீள்பார்வை' என்றோ 'நினைவுக் கட்டுரை' என்றோ போட்டால்தான் நீங்கள் பயப்படுவது நடக்கும்.

மாற்று வரலாறு பெரிய வட்டம். வாராவரவு அதற்குள் ஒரு சிறு வட்டம். ஸ்டுடியோ காரைக்குடியிலேயே தங்கியிருந்தால் என்னென்ன படம் எடுத்திருப்பார்கள் என்பதற்கு எந்தத் தாளும் வழிகாட்டாது. எழுதுகிறவருக்கு முழுச் சுதந்திரம். வாராவரவில் அந்தச் சுதந்திரம் கிடையாது. கதைப்பிரதி, நடிகர் தேர்வு, செட், அறிவிப்பு என்று கையில் சீட்டு இருக்க வேண்டும். சீட்டு இல்லாத இடத்தில் 'இது என் ஊகம்' என்று அந்த வரியிலேயே தெரிய வேண்டும். 1979 படத்தில் டெக்கராக நடித்த ஸ்டீபன் காலின்ஸ், தொடருக்குத் தேர்வானவர் இல்லை, படத்துக்காக வந்தவர். ஃபேஸ் டூவில் அவர் அருமையாக நடித்தார் என்று தம்பி எழுதினால் அது சீட்டில்லாத வரவு. ஸானாக கோட்ரோவைப் பற்றி எழுதலாம், அதற்குச் சீட்டு இருக்கிறது. தணிக்கை செய்த அண்ணன் இந்த வேறுபாட்டை என்னைவிட நன்றாகப் பிடிப்பார். அதனால் கட்டுரை அச்சுக்குப் போகும் முன் அண்ணனே ஒருமுறை பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தமிழில் இந்த எழுத்து வளர வேண்டுமென்றால் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். அந்த வகையில் கோட்டையூருக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம். அவ்வூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப் போடுவதையும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரம் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக, 1994 முதல் இயங்குகிறது. பூஜை விளம்பரத்தோடு நின்ற தமிழ்ப் படங்களைப் பற்றி வாராவரவு எழுத விரும்புகிறவர் தொடங்க வேண்டிய இடம் இது போன்ற சேகரங்கள்தான். எங்கள் வளவு வீட்டில் பழைய சினிமா இதழ்க் கட்டுகள் கிடக்கின்றன. தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் உட்கார்ந்து பிரிக்கலாம்.

சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்:

வாராவரவு (பெயர்): திட்டமிட்டு, எழுத்தாகவோ செட்டாகவோ ஓரளவு உருவாகி, எடுக்காமல் நின்ற படம், தொடர், நாடகம் போன்றவற்றை, கிடைத்த சான்றுகளைக் கொண்டு, வெளிவந்ததாகவே பாவித்து எழுதும் எழுத்து. அதன் விளைவாக மாறக்கூடியவற்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வினையாக: வாராவரவு வைத்தல். அடையாக: வாராவரவுக் கட்டுரை, வாராவரவுத் தொகுப்பு.

கோட்டையூர் அண்ணனுக்கும் தேவகோட்டை அண்ணனுக்கும் இதில் மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். தம்பியின் இதழ் அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது.