பெட்ரோல் பிக்கப்பில் பி0446, பி0442 சேர்ந்து வருகின்றன: எங்கிருந்து பார்ப்பது?

நீலவண்டி:
பெட்ரோல் பிக்கப், டபுள் கேப். செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0446 (வென்ட் சர்க்யூட்), பி0442 (சின்னக் கசிவு) என்று இரண்டு கோளாறு எண்கள் (கோடு). டேங்க் மூடி புதிது போட்டாச்சு. கோடுகளை அழித்தால் சில நாளில் திரும்ப வருகிறது. பெட்ரோல் போடும்போது நாஸில் அடிக்கடி தானாக நிற்கிறது. மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கிறது. ஓட்டத்தில் குறை எதுவும் இல்லை. பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிப் பெட்டி (கேனிஸ்டர்), அந்த ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு, வெளிக்காற்றுக்கு வழிவிடும் வென்ட் வால்வு எல்லாம் எங்கே இருக்கும்? கேனிஸ்டரை மாற்றச் சொல்கிறார்கள். சோதித்துப் பார்க்காமல் மாற்ற மனசில்லை.

பதினான்காம்நம்பர்:
நாஸில் கட் ஆவது, மூடி திறந்தால் உள்ளே இழுப்பது, பி0446: மூன்றும் வென்ட் பக்கத்தைத்தான் காட்டுகின்றன. டேங்க் மூச்சு விடும் வழி அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் இறங்கும்போது டேங்கில் இருக்கும் காற்று கேனிஸ்டர் வழியாக வெளியேறணும்; வழியில்லாவிட்டால் ஃபில்லர் குழாயில் பெட்ரோல் எதிர்த்து ஏறி நாஸில் நின்றுவிடும். ஓடும்போது எஞ்சின் ஆவியை உறிஞ்சுகிறது, அதற்கு ஈடாக வெளிக்காற்று வருவதில்லை, டேங்கில் வாக்குவம் தங்கிவிடுகிறது. பி0446 பெயரில் 'சர்க்யூட்' என்று இருந்தாலும் பல வண்டிகளில் காற்று அடைப்புக்கும் இதே எண்தான்.

பர்ஜ் வால்வு எஞ்சின் பக்கம்: இன்டேக் மேனிஃபோல்டின் மேலோ த்ராட்டில் பாடிக்கு அருகிலோ, இரண்டு ஹோஸும் இரண்டு பின் கனெக்டரும் உள்ள சின்ன வால்வு. கேனிஸ்டர் பெரும்பாலும் லோடு பாடிக்கு அடியில், ஃபிரேமை ஒட்டிய கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. டேங்கிலிருந்து வரும் ஆவிக் குழாயைக் கையால் தொடர்ந்து போனால் அதில்தான் முடியும். வென்ட் வால்வு கேனிஸ்டரிலேயே இருக்கும், அல்லது ஒரு ஹோஸ் தள்ளி, பல வண்டிகளில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில். பின்சக்கரம் வாரி அடிக்கும் புழுதியும் சேறும் நேராக அங்கேதான் போகும். கார்களைவிட பிக்கப்களில் வென்ட் வால்வு சீக்கிரம் போவதற்கு இதுதான் காரணம்.

இரண்டு கோடும் ஏன் ஒன்றாக வருகின்றன என்றால், உள்ளே மண் புகுந்த வால்வு முழுதாகத் திறக்கவும் மாட்டாது, முழுதாக மூடவும் மாட்டாது. மூடாத மிச்சம்தான் கம்ப்யூட்டருக்கு 'சின்னக் கசிவு' பி0442 ஆகத் தெரியும். அது சுமார் 1 மி.மீ. துளை அளவு. அதையும்விடச் சிறியது, 0.5 மி.மீ. அளவு என்றால் பி0456.

மீட்டர்முள்:
மேலே சொன்னது சரி. சோதிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கரண்ட் இல்லாதபோது பர்ஜ் வால்வு மூடியிருக்கும், வென்ட் வால்வு திறந்திருக்கும். சில வண்டிகளில் கரண்டில் இயங்கும் வென்ட் வால்வுக்குப் பதில் கசிவு சோதிக்கும் பம்ப் இருக்கும், அதற்கு இது பொருந்தாது.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். வென்ட் வால்வைக் கழற்றி ஊதுங்கள், தாராளமாகக் காற்று போகணும். பிறகு 12 வோல்ட் கொடுத்தால் 'டக்' என்று மூடி, ஊதினால் துளியும் போகக்கூடாது. சில நொடிக்கு மேல் கரண்ட் வைக்காதீர்கள், காயில் சூடாகும். வால்வை வண்டியிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்த்தான் 12 வோல்ட் தொடணும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், வண்டிக்கு அடியில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்.

பர்ஜ் வால்வுக்கு நேர் எதிர்: கரண்ட் இல்லாமல் ஊதினால் போகக்கூடாது, கொடுத்தால் போகணும். கழற்றியதும் வெள்ளைக் காகிதத்தின் மேல் லேசாகத் தட்டிப் பாருங்கள். மிளகைப் பொடித்த மாதிரி கறுப்புத் துகள் உதிர்ந்தால் கேனிஸ்டர் உள்ளே உடைந்து கரி குழாயில் வந்துவிட்டது. அப்போது கேனிஸ்டரோடு பர்ஜ் வால்வையும் மாற்றி, இடையிலுள்ள குழாயையும் இரு முனையும் கழற்றி ஊதிச் சுத்தம் செய்யணும். இல்லையென்றால் மிச்சத் துகள் புது வால்வையும் திறந்தபடி சிக்க வைக்கும். பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆக மறுக்கிற வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் கோளாறு.

நீலவண்டி:
வென்ட் வால்வு வழியாக ஊதினால் பாதிதான் போகிறது, கரண்ட் கொடுத்தும் லேசாகக் கசிகிறது. பர்ஜ் வால்வு சுத்தம், துகள் இல்லை. கேனிஸ்டரைத் தண்ணீரில் கழுவி, கம்ப்ரஸரால் ஊதிவிடலாமா?

பதினான்காம்நம்பர்:
இரண்டும் வேண்டாம். தண்ணீர் பட்டால் கரி ஆவியைப் பிடிக்கும் திறன் குறையும். கம்ப்ரஸர் காற்று உள்ளேயிருக்கும் வடிகட்டியைக் கிழிக்கும். கேனிஸ்டரைக் கையில் தூக்கிப் பாருங்கள். பெட்ரோல் குலுங்கினாலோ சொட்டினாலோ மட்டும் மாற்றுங்கள், காய்ந்திருந்தால் அப்படியே மாட்டலாம். வென்ட் வால்வைப் புதிதாகப் போடுங்கள், அதன் காற்று வாயில் ஃபில்டர் இருந்தால் அதையும் சேர்த்து. புது வால்வை ஒரு ஹோஸ் நீட்டி, ஃபிரேமில் உயரமான, புழுதி படாத இடத்துக்கு ஏற்றினால் நீண்ட நாள் வரும். சாதாரண வாக்குவம் ஹோஸ் ஆவியில் ஊறி வீங்கிவிடும். எரிபொருள் ஆவிக்கென்றே வரும் ஹோஸை வாங்குங்கள்.

குழாய்களின் குயிக் கனெக்டரை (அழுத்தினால் கழலும் இணைப்பு) பிடுங்கும் முன் மண்ணைத் துடைத்து, லேசாகத் திருகிவிட்டுப் பிறகு காதுகளை அழுத்தி இழுங்கள். ஓ-ரிங்கில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி மாட்டுங்கள்.

மீட்டர்முள்:
மாற்றிய பிறகும் பி0442 வந்தால் ஸ்மோக் டெஸ்ட்தான் வழி (குழாய்களில் புகையை ஏற்றி, கசியும் இடத்தைப் பார்ப்பது). அழுத்தம் 0.5 பிஎஸ்ஐக்கு மேல் போகக்கூடாது, வென்ட் வால்வை ஸ்கேனரால் மூடியபடி வைக்கணும். கம்ப்ரஸரை நேராக இணைத்தால் டேங்க் உப்பும், ஆபத்தும்கூட. புகை டேங்கின் மேல்புறம் வந்தால், பெரும்பாலும் பிரஷர் சென்சாரோ பம்ப் மாட்யூல் சீலோதான். அதற்கு டேங்கை இறக்குவதைவிட, லோடு பாடி போல்ட்டுகளைக் கழற்றித் தூக்குவது பல பிக்கப்களில் சுலபம். முதலில் ஃபில்லர் வாய் ஸ்க்ரூ, பின்விளக்கு கனெக்டர், எர்த் வயர் மூன்றையும் விடுவிக்க மறக்காதீர்கள்.

கோடுகளை அழித்ததும் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டர் தன் கசிவுச் சோதனையைப் பொதுவாக டேங்க் 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருந்து, எஞ்சின் இரவு முழுக்க ஆறி, காலையில் ஸ்டார்ட் ஆகும்போதுதான் ஓட்டும். பாதி டேங்க் வைத்து ஓட்டி, ஸ்கேனரில் ஈவாப் மானிட்டர் (பெட்ரோல் ஆவி அமைப்பின் சோதனை) 'ரெடி' என்று வருகிறதா பாருங்கள். இனி நாஸில் முதல் 'டிக்' அடித்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஊற்றுவது கேனிஸ்டருக்குள் போகலாம்.