ஆசியாவின் முதல் பெண்கள் விடுதிப் பள்ளி யாழ்ப்பாணத்து உடுவிலா?

ஏடுபுரட்டி: "ஆசியாவிலேயே முதல் பெண்கள் விடுதிப் பள்ளி, உடுவில், 1824" என்று பக்கத்து இழையில் மறுபடி ஒட்டியாயிற்று. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தது 1707. நூற்றுப் பதினேழு வருடம் முந்தி. கணக்கு வருமா?

வலிகாமத்தான்: வந்திட்டார்! 1707 பள்ளிக்கூடம். நான் சொல்லுறது விடுதி. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ 1824இல துவங்கினது பிள்ளையளை அங்கேயே வைச்சு வளர்த்த இடம். படிப்பு முடியுமட்டும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகமாட்டம், கலியாணத்திலயும் மிஷனுக்குச் சொல் உண்டு எண்டு தாய் தகப்பன் எழுதிக் குடுக்கவேணும். ஏனெண்டால் சின்ன வயசிலயே சம்பந்தம் பேசி இழுத்துக்கொண்டு போனால் படிப்பு அதோட சரி.

கணக்குப்பிள்ளை: சீதனமும் மிஷன்தானே கொடுத்தது? அதை ஏன் விழுங்குகிறீர்கள்?

வலிகாமத்தான்: குடுத்தது. யார் விழுங்கினது? கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டினால் சீதனம். இல்லாட்டி யாழ்ப்பாணத்தில எந்தப் பெட்டை கரையேறும்? வட்டுக்கோட்டை செமினரி, அதே மிஷன் பெடியளுக்கு வைச்ச உயர்பள்ளி, 1823இல துவங்கிச்சுது. அங்க படிச்ச பெடியளுக்குப் படிச்ச மனுசி வேணும், அதுக்குத்தான் உடுவில். அமெரிக்காவில காசு கட்டினவையின்ர பெயரைப் பிள்ளையளுக்கு வைச்சதும் தெரியும். அதுக்காக 1824 இல்லையெண்டு ஆகுமோ?

ஏடுபுரட்டி: ஆக, போதகர்களுக்குப் பெண்டாட்டி தயார் செய்த இடம். நீங்களே சொன்னது, நன்றி. தரங்கம்பாடியிலும் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார்கள் ஐயா.

வலிகாமத்தான்: சோறு போட்டால் விடுதியோ? அப்ப அன்னதான மடமும் விடுதிப் பள்ளிதான். அமெரிக்க மிஷனரி எலைசா அக்னியு 1840இல வந்து 1879 மட்டும் உடுவிலை நடத்தினவ. ஆயிரம் பெட்டையளுக்கு மேல அவவிட்டைப் படிச்சவை. தரங்கம்பாடியில அப்பிடி ஒராளைக் காட்டும்.

கணக்குப்பிள்ளை: இரண்டு பேரும் கொஞ்சம் கிழக்கே பாருங்கள். மணிலாவில் சாந்தா இசபெல் பள்ளி, 1632. தங்கிப் படித்த பெண்கள்தான்.

வலிகாமத்தான்: அது ஸ்பானியரின்ர அநாதைப் பிள்ளையளுக்கு. சுதேசப் பெட்டையளுக்கு முதல் விடுதி உடுவில்தான்.

கணக்குப்பிள்ளை: "சுதேச" இப்போதுதான் முளைத்ததா? முதல் பதிவில் இல்லையே.

வலிகாமத்தான்: விளங்குறவைக்கு விளங்கும்.

ஏடுபுரட்டி: மிஷன் புராணம் போதும். ஆறுமுக நாவலர் 1848இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி வைத்தாரே, அது கண்ணில் படாதோ?

வலிகாமத்தான்: ஆம்பிளைப் பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்தை இதுக்குள்ள ஏன் கொண்டுவாறீர்? சைவப் பெட்டையளுக்கெண்டு பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில கல்லூரி கட்டினது 1913இல. 1824 எங்க, 1913 எங்க! போன மாசமும் உமக்கு இதைத்தான் சொன்னனான்.

ஏடுபுரட்டி: போன மாதமும் 1707க்குப் பதில் வரவில்லை.

வலிகாமத்தான்: 1707 பள்ளிக்கூடம். விடுதி இல்லை. திருப்பிச் சொல்லவோ?