மட்டம் ஏறினால் ஆறு எப்போதும் வேகமாகத்தான் ஓடுமா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். ஆற்றின் அடியும் கரையும் உராய்ந்து தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. மட்டம் ஏறும்போது தண்ணீர் கூடுகிற அளவுக்கு உராயும் பரப்பு கூடுவதில்லை, அதனால் அந்தப் பிடி தளர்கிறது. ஆழம், சரிவு, உராய்வு மூன்றையும் வைத்து ஓட்டத்தின் வேகத்தைக் கணிக்கும் மேனிங் சூத்திரத்தின்படி, அகலமான ஆற்றில் ஆழம் இரட்டித்தால் வேகம் ஏறக்குறைய 1.6 மடங்கு. கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சரிவு, உராய்வு எண் (அடியும் கரையும் எவ்வளவு சொரசொரப்பு என்பதற்கான எண்) 0.035 என்று வைத்துக்கொண்டால், 1 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 0.9 மீட்டர், 2 மீட்டரில் 1.43, 3 மீட்டரில் 1.88.

இறங்கிக் கடப்பவர்களுக்கு இந்த 1.6 சிறியதாகத் தெரியும். அது தவறு. காலில் மோதும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது, தண்ணீர் மோதும் உடற்பரப்பும் கூடவே ஏறுகிறது. முழங்கால் மட்டம் இடுப்பு மட்டமானால் தள்ளும் விசை கிட்டத்தட்ட 5 மடங்கு. அதே நேரம் மிதப்பு உடல் எடையைக் குறைப்பதால் பாதத்துக்குத் தரையில் பிடிப்பு குறையும். வழுக்கிவிட்டார் என்று சொல்லப்படும் பல இடங்களில் நடப்பது இதுதான்.

*

மேலே சொன்னது தண்ணீர் கரைக்குள் இருக்கும்வரை பொருந்தும். கரை தாண்டிவிட்டால் கணக்கு மாறும். புதரும் பயிருமாக இருக்கும் நிலத்தில் உராய்வு எண் 0.1 வரை போகும். அதே சரிவில் அங்கே அரை மீட்டர் தண்ணீர் நொடிக்கு 0.2 மீட்டர்தான் நகரும். அந்த மந்தமான நீர் பக்கத்தில் ஓடும் ஆற்றையும் பிடித்து இழுப்பதால், கரை வழிந்த சற்று நேரம் மொத்தத்தின் சராசரி வேகம் குறையக்கூட செய்யும். நடு ஆறு அப்போதும் சீறிக்கொண்டுதான் இருக்கும். சராசரியை நம்பி அதில் இறங்கக் கூடாது.

ஆறு போய்ச் சேரும் பக்கத்திலிருந்து தண்ணீர் எதிர்த்து முட்டுவது இன்னொரு வகை. கடல் ஓதம், நிரம்பிய அணை, வெள்ளத்தில் இருக்கும் பெரிய ஆறு, இவற்றில் எது எதிர்த்தாலும் மட்டம் ஏறும், வேகம் இறங்கும். நீர்ப்பரப்பின் சரிவு படுத்துவிடுவதுதான் காரணம். வண்டல் படிவதும் அங்கேதான்.

*

வேகத்தை நீங்களே அளக்க: நேரான, செடியில்லாத 20 மீட்டர் நீளத்தைக் கரையில் இரண்டு குச்சி நட்டுக் குறியுங்கள். பாதிக்கு மேல் மூழ்கி மிதக்கும் பொருள்தான் வேண்டும். ஆரஞ்சுப் பழம் நல்லது. தெர்மோகோலைக் காற்று தள்ளிவிடும். ஓட்டம் வரும் பக்கத்தில், முதல் குறிக்கு 5 மீட்டர் முன்பே போடுங்கள், ஓட்டத்தோடு சேர அவகாசம் வேண்டும். 20 மீட்டரை 16 நொடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் 1.25. அதை 0.85 ஆல் பெருக்கினால் அந்த இடத்தில் மேலிருந்து அடிவரைக்குமான சராசரி, சுமார் 1.06.

நடுவில் மட்டும் போட்டு ஆறு முழுக்க அதே வேகம் என்று எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. இடது, நடு, வலது என்று மூன்று தடத்திலும் மும்மூன்று முறை போடுங்கள். ஆழம் குறைந்த நாளில் மடுவில் நிற்பதுபோலும் பாறைத் தடத்தில் பாய்ச்சலாகவும் இருக்கும் ஆறு, மட்டம் ஏற ஏற இரண்டிடத்திலும் ஏறக்குறைய சமமாகிவிடும். பழைய அளவை அப்படியே பயன்படுத்த முடியாது.

*

ஒன்று விட்டுப்போயிற்று. ஒரே மட்டத்தில்கூட ஏறும் வெள்ளம், வடியும் வெள்ளத்தைவிட வேகமானது. ஏறும்போது வெள்ள அலையின் முகப்பு கடக்கிறது, நீர்ப்பரப்புச் சரிவு கூடுதலாக இருக்கும். வடியும்போது அது தணிந்துவிடும். சரிவு குறைந்த சமவெளி ஆறுகளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அளவுகோலில் மட்டத்தைப் படித்துக் குறிக்கும்போது நேரத்தோடு ‘ஏறுகிறது’ அல்லது ‘இறங்குகிறது’ என்றும் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால், பிறகு அந்த எண்ணிலிருந்து வேகத்தைக் கணிப்பவர் தவறாகக் கணிக்கக்கூடும்.